வருடம் முழுக்க மழை பெய்கிற மழைக்காட்டில் மக்கள் பருவத்தை எப்படிக் கணக்கு வைப்பார்கள்?

நான் போர்னியோ தீவில் இருக்கும் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், மீரியில் மூன்று வருஷம் வேலை பார்த்தவன். அதனால் போர்னியோ கதையை மட்டும் சொல்கிறேன். அமேசானைப் பற்றித் தெரிந்தவர்கள் தனியாக எழுதுங்கள்.

போன புதிதில் எனக்கும் இதே சந்தேகம்தான். பூமத்திய ரேகைக்குப் பக்கம். ஜனவரியோ ஜூலையோ, அதே புழுக்கம், அதே மழை. சரி, மரம் பூப்பதை வைத்துச் சொல்லலாமே என்றால் அதுவும் நடக்காது. அந்தக் காட்டுப் பெருமரங்கள் பல வருஷம் சும்மா நின்றுவிட்டு, ஒரு வருஷம் எல்லாம் சேர்ந்து பூக்கும். ஆனால் மலைநெல் போடுகிறவனுக்குத் தேதி முக்கியம். மழை கொஞ்சம் குறையும் நாட்களில் காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, மறுபடி மழை பிடிப்பதற்குள் விதைத்தாக வேண்டும். ஈர மரம் எரியாது.

அதனால் அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். சரவாக்கின் இபான் மக்களுக்கு நாள்காட்டி நம்முடைய கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்தான். ஜூன் தொடக்கத்தில் விடிவதற்கு முன் அது கிழக்கே தலைகாட்டினால் காடு வெட்டும் வேலை தொடங்கும். விடியலில் உச்சிக்கு வரும்போது விதைப்பு நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

கென்யா மக்கள் (ஆப்பிரிக்க நாடு இல்லை, போர்னியோவின் ஒரு இனம்) கம்பம் நட்டு, நண்பகல் நிழலை அளந்தார்கள். கயான் மக்கள் நீள்வீட்டுக் (பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் ஒரே நீண்ட வீடு) கூரையில் துளை போட்டு, தரைப்பலகையில் வெயில் விழும் இடத்தைக் குறித்தார்கள். இதைப் பார்ப்பதற்கென்றே ஊரில் ஓர் ஆள் இருப்பார். அவர் வயலில் இறங்க வேண்டாம், ஊரே நெல் கொடுக்கும். 1912-இல் வெளிவந்த சார்லஸ் ஹோஸ், வில்லியம் மெக்டூகல் புத்தகத்தில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது.

எனக்குப் பிடித்தது அதே புத்தகத்தில் வரும் மூங்கில் முறை. மூங்கில் குழாயில் நீரை நிரப்பி, ராத்திரி குறிப்பிட்ட நட்சத்திரத்தைக் குழாய் வழியே குறிபார்த்துச் சாய்ப்பார்கள். நீர் வழியும். நிமிர்த்தினால் மீதி நீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அதுதான் நட்சத்திரத்தின் உயரம். கீழே இருக்கும் நட்சத்திரம் என்றால் குழாய் படுத்துவிடும், நீர் குறையும். விதைப்பு மட்டத்துக்கு மூங்கிலில் ஒரு வெட்டு போட்டிருக்கும். நானும் பால்கனியில் பிவிசி குழாயோடு நின்று பார்த்தேன். சட்டை நனைந்ததுதான் மிச்சம், நட்சத்திரம் மேகத்துக்குள் போய்விட்டது.

மேகம் மறைத்தால் என்ன செய்வார்கள்? பாரியோ மேட்டுநிலத்துக் கெலாபித் மக்களிடம் அதற்கும் வழி இருந்தது: பறவை. மஞ்சள் வாலாட்டியை அவர்கள் 'சென்சுலிட்' என்பார்கள். வடக்கே சைபீரியாப் பக்கம் குளிர் தொடங்கும்போது கிளம்பி, செப்டம்பர், அக்டோபரில் பாரியோவில் வந்து இறங்கும். அந்த மாதத்துக்கே அதன் பெயர்தான். உள்ளூர் மழை முன்னே பின்னே போகலாம், குருவி கிளம்பும் நேரத்தைச் சைபீரியாவின் பகல் நீளமல்லவா தீர்மானிக்கிறது!

என்னோடு வேலை பார்த்த கெலாபித் நண்பருக்கு இதெல்லாம் பாட்டி காலத்துச் சமாச்சாரம். ஆனாலும் ஒரு செப்டம்பரில் அலுவலக வாகன நிறுத்துமிடத்தில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிய ஒரு குருவியைப் பார்த்தவர், அப்படியே நின்று வீட்டுக்கு போன் போட்டார்: "அம்மா, அங்கே வந்துவிட்டதா?"