சோங்க்ரான் நேரத்தில் தாய்லாந்து: குழந்தையோடும் மாமியாரோடும் போகலாமா?

கேள்வி: ஏப்ரல் 12 முதல் 17 வரை தாய்லாந்து போகிறோம். நான், கணவர், 7 வயது மகன், 66 வயது மாமியார். மாமியாருக்கு இளைப்பு உண்டு. பாங்காக்கில் இறங்கி, 13ஆம் தேதி இரவு பஸ்ஸில் சியாங் மாய் போய், அங்கே பைக் வாடகைக்கு எடுத்துச் சுற்றுவதாகத் திட்டம். தண்ணீர்த் திருவிழாவில் போனும் பாஸ்போர்ட்டும் நனையாமல் எப்படிச் சமாளிப்பது?
– மதுரை வாசகி

பதில்: போனுக்கு வழி இருக்கிறது. ஆனால் முதலில் மாற்ற வேண்டியது உங்கள் திட்டம்.

தண்ணீர்த் திருவிழாவான சோங்க்ரான் ஏப்ரல் 13, 14, 15 தேதிகளில் வருகிறது. நம் சித்திரை ஒன்றைப் போலவே சூரியன் மேஷத்தில் நுழைவதை ஒட்டிய புத்தாண்டு. பாங்காக்கில் வேலை செய்பவர்கள் அந்த வாரம் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். தீபாவளிக்கு முந்தைய நாள் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அங்கும். பஸ், ரயில் டிக்கெட் கிடைப்பதே கடினம், கிடைத்தாலும் சாலையில் மணிக்கணக்கில் நிற்பீர்கள். 12 முதல் 16 வரை ஒரே ஊரில் இருங்கள்.

அந்த ஊர் பாங்காக்காக இருக்கட்டும். கொண்டாட்டத்துக்குப் பெயர்போனது சியாங் மாய்தான், மறுக்கவில்லை. ஆனால் வட தாய்லாந்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலிலும் காட்டிலும் தீ வைப்பதால் புகை கிண்ணம்போன்ற அந்தப் பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும். இளைப்பு உள்ளவரை அங்கே கூட்டிப்போக வேண்டாம். பாங்காக்கிலும் இன்ஹேலர் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல.

பைக் கூடவே கூடாது. ஓட்டுபவர் முகத்தில் ஒரு வாளித் தண்ணீர் விழுந்தால் அரை நொடிக்குக் கண் தெரியாது. ஈரச் சாலை, குடித்துவிட்டு ஓட்டுபவர்கள் வேறு. அந்த வாரத்தை அந்நாட்டு அரசே ‘ஆபத்தான ஏழு நாட்கள்’ என்று சொல்லி விபத்துகளைக் கணக்கெடுக்கிறது, அதில் பெரும்பங்கு பைக்தான். பைக்குக்குச் செல்லும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாவிட்டால் பயணக் காப்பீடும் பெரும்பாலும் கைகொடுக்காது.

தங்குவதற்கு பிடிஎஸ் எனும் மேம்பால நகர ரயிலின் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை பாருங்கள். காவ் சான், சீலோம் ஆகிய கொண்டாட்டத் தெருக்கள் இரண்டும் வேண்டாம். அங்கே கூட்டம் இரவிலும் நெரிக்கும், 7 வயதுப் பிள்ளை பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் மூச்சு முட்டி நிற்பான். உள்தெருக்களில் வீட்டு வாசலில் தொட்டி வைத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் விளையாடுவார்கள். அவனுக்கு அதுதான் சரியான இடம். நீச்சல் கண்ணாடி கட்டாயம் மாட்டிவிடுங்கள். தண்ணீர்த் துப்பாக்கி கிட்டத்தில் கண்ணில் பட்டால் காயமாகும், வாளித் தண்ணீரும் சுத்தமானதாக இருக்காது. நீங்களும் கான்டாக்ட் லென்ஸ் போடாதீர்கள். நனைந்துகொண்டே இருப்பதால் வெயிலும் தாகமும் உறைக்காது, ஆகவே அரை மணிக்கொரு முறை அவனைக் குடிக்க வையுங்கள். உங்கள் போன் எண்ணை அழியாத மையில் அவன் கையில் எழுதிவிடுங்கள்.

மாமியாருக்குக் காலை நேரம். வாட் போ போன்ற கோயில்களில் மணமூட்டிய நீரைப் புத்தர் சிலை மீது மெல்ல ஊற்றி வணங்குவார்கள், அவரும் ஊற்றலாம். வீடுகளில் இளையவர்கள் பெரியவர்களின் உள்ளங்கையில் நீர் வார்த்து ஆசி கேட்பார்கள். இந்தத் திருவிழாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் துப்பாக்கியோடு மட்டும் திரும்பி வராதீர்கள். பத்து மணிக்குள் அவரை அறைக்குக் கூட்டிவந்துவிடுங்கள். பிக்குகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், வண்டி ஓட்டுபவர்கள் மீது தண்ணீர் அடிக்கக் கூடாது என்பதைப் பையனுக்கு முன்பே சொல்லிவையுங்கள். யாராவது வெள்ளைக் களிம்பைக் கன்னத்தில் பூச வந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் வழக்கம்தான். பிடிக்காவிட்டால் சிரித்துக் கையசைத்து மறுக்கலாம்.

இப்போது போன். கழுத்தில் மாட்டும் நீர்புகாப் பையை ஊரிலேயே வாங்கி, உள்ளே டிஷ்யூ வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கிவையுங்கள். டிஷ்யூ ஈரமானால் வேறு பை வாங்குங்கள். ஈரக்கையில் விரல்ரேகை வேலை செய்யாது, பின் நம்பரை நினைவில் வையுங்கள். போனுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் நன்றாகக் காயும்வரை சார்ஜர் செருகக் கூடாது. பாஸ்போர்ட் அறை லாக்கரில் இருக்கட்டும், அதன் நகலும் சில்லறை பாட் நோட்டுகளும் ஜிப் கவரில் போதும். வெள்ளைப் பருத்தியும் ஜீன்ஸும் வேண்டாம். சீக்கிரம் காயும் அடர்நிற உடை, பின்வார் உள்ள செருப்பு.

விமான நிலையத்திலிருந்து டுக்டுக் ஏறாமல் கண்ணாடி மூடிய டாக்ஸியில் போங்கள், பெட்டி தப்பும். டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் தாய்லாந்து குடிவரவுத் துறைத் தளத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள். சுற்றுலாப் போலீஸ் 1155, ஆம்புலன்ஸ் 1669. இரண்டையும் எல்லோர் போனிலும் பதிந்துகொள்ளுங்கள்.