ஊசி ஏறுவது எப்போது? பழைய கார் சூடேறுவது பற்றிக் கேள்வி பதில்

கோலாலம்பூர் செந்தூலில் கார்ப் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய புரோட்டோன், பெரோடுவா கார்கள்தான் என்னிடம் அதிகம் வரும். “கார் சூடேறுகிறது” என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது “எப்போது?” என்றுதான். நெரிசலில் நிற்கும்போதா, மேடு ஏறும்போதா, கிளப்பிய சில நிமிடங்களிலேயா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. இதைச் சொல்லாமல், ரேடியேட்டர் மாற்றினேன், பம்ப் மாற்றினேன் என்று செலவுக் கணக்கு மட்டும் எழுதியவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மற்றவர்களுக்கு இதோ.

கேள்வி: அண்ணா, என்னுடையது 2003 விரா 1.5. காலையில் ஜாலான் ஈப்போ நெரிசலில் நின்றால் சூடு காட்டும் ஊசி மேலே போகிறது, ஏர்கோனும் குளிர்வதில்லை. நெடுஞ்சாலைக்குப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடுகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா? (ஜிஞ்சாங்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம், தம்பி. கார் ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுகிறது. நின்றுவிட்டால் அந்த வேலை முழுவதும் விசிறியின் தலையில் விழுகிறது. ஏர்கோனும் அதே நேரத்தில் சோர்ந்துபோகிறது என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும், ஏர்கோனின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் அதே காற்றுதான் வேண்டும். இரண்டும் ஒன்றாகத் தவிக்கின்றன என்றால் காற்று வரவில்லை என்று பொருள்.

காரை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஏர்கோனைப் போடுங்கள். விசிறி சுழல வேண்டும். சுழலவில்லையென்றால் பியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கலாம். அப்போது சுழன்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, மின்சாரம் வரும் வழியில்தான் கோளாறு. கை மட்டும் எச்சரிக்கை. சில கார்களில் இன்ஜினை அணைத்த பிறகும் விசிறி திடீரென்று சுழலும்.

விசிறி சுழன்றும் ஊசி ஏறுகிறதா? ஒரு தாளை முன்பக்கக் கண்டென்சர் மீது வைத்துப் பாருங்கள். நல்ல விசிறி அதை இழுத்து ஒட்டவைக்கும். தாள் விழுந்தால் மோட்டார் தளர்ந்திருக்கலாம். அல்லது யாரோ மோட்டார் மாற்றும்போது இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி இணைத்திருக்கலாம். அப்படி இணைத்தால் விசிறி எதிர்த்திசையில் சுழன்று, வரும் காற்றைத் தள்ளிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும் என்பதால் இது பலரை ஏமாற்றுகிறது.

கடைசியாக, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் இடுக்கைப் பாருங்கள். பல ஆண்டுத் தூசியும் இலையும் பூச்சியும் அங்கே படிந்து கம்பளிபோல் கிடக்கும். தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடித்துக் கழுவுங்கள். கார் கழுவும் கடையின் உயர் அழுத்தக் குழாய் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கேள்வி: கஞ்சிலில் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டார்கள். “நம் நாடு வெப்ப நாடு, அது தேவையில்லை” என்கிறார் போர்மேன். சரியா? (செராஸ்)

பதில்: தவறு. இந்த ஒரு வழக்கம் எனக்கு எரிச்சலூட்டுவதுபோல் வேறெதுவும் ஊட்டுவதில்லை. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. ஏறத்தாழ 82 டிகிரியில் அது திறக்கத் தொடங்குகிறது. வெளியே 33 டிகிரி என்றாலும், இன்ஜினுக்கு அது குளிர்தான். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வர நேரமாகும். எண்ணெய் தடிப்பாகவே ஓடும், பெட்ரோல் கூடும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் அது திறக்கும்போதே குறுக்குவழியை அடைக்கும் வேலையையும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவரும். சூட்டைக் குறைக்க எடுத்த பொருளாலேயே சூடு ஏறும்.

கிளப்பிய சில நிமிடங்களில் ஊசி மேலே போய், மேல் ஹோஸ் சுடச்சுட இருக்க, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கக் கூடும். சில பத்து ரிங்கிட் பொருள். புதியதைப் போடுவதற்குமுன் வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊருக்குள் பிரச்சினை இல்லை. கெந்திங் மலை ஏறினால் மட்டும் பாதி வழியில் கொதிக்கிறது. பழைய சாகா, கார்புரேட்டர் வண்டி. (கோம்பாக்)

பதில்: விசிறியைக் குறைசொல்ல முடியாது, ஐயா. மேட்டில் இன்ஜின் உண்டாக்கும் வெப்பம் கூடுகிறது, அதைக் கொண்டுபோகத் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. முதல் சந்தேகம், ரேடியேட்டரின் உள்ளே துரு அடைத்திருப்பது. சூடான பிறகு இன்ஜினை அணைத்து, அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டரின் முகம் முழுவதும் அளந்து பாருங்கள். மேலிருந்து கீழே படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. அடுத்தது கீழ் ஹோஸ். பம்ப் அதிலிருந்துதான் தண்ணீரை உறிஞ்சுகிறது. உள்ளிருக்கும் கம்பிச் சுருள் துருப்பிடித்துப் போயிருந்தால், வேகம் கூடும்போது ஹோஸ் ஒட்டிக்கொண்டு வழி அடைபடும். நின்ற நிலையில் ஒருவரை ஆக்சிலரேட்டரை அழுத்தச் சொல்லி, நீங்கள் ஹோஸைப் பாருங்கள். உங்கள் வண்டியில் பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறது. பற்றவைப்பு நேரம் பின்தங்கியிருந்தாலும் சூடு ஏறும். பட்டறையில் டைமிங் விளக்கு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் மறக்காதீர்கள். 0.9 பார் மூடி சரியாக வேலை செய்தால், கடல் மட்டத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் போய்விட்டால் 100-லேயே கொதிக்கும். கெந்திங் உச்சி ஏறத்தாழ 1,800 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோளாறான மூடியோடு மலை ஏறுகிறவருக்கு இரட்டை நட்டம்.

கேள்வி: பக்கத்து பிளாஸ்டிக் தொட்டி நிறைய இருக்கிறது, ஆனால் ரேடியேட்டரைத் திறந்தால் தண்ணீர் இல்லை. எங்கேயும் ஒழுகவும் இல்லை. (ஆயர் ஈத்தாம்)

பதில்: அக்கா, மூடிக்குள் இரண்டு வால்வுகள் உண்டு. சூடாகும்போது ஒன்று தண்ணீரைத் தொட்டிக்கு அனுப்புகிறது, ஆறும்போது மற்றொன்று திரும்ப இழுக்கிறது. இழுக்கும் வால்வு சிக்கியிருக்கலாம், அல்லது தொட்டிக்குப் போகும் மெல்லிய குழாயில் விரிசல் விழுந்து காற்றை இழுக்கலாம். புதிய மூடி, புதிய குழாய். அதற்குப் பிறகும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டை, அதாவது இன்ஜினின் அடிப்பாகமான பிளாக்குக்கும் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகட்டை, சந்தேகிக்க வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

கேள்வி: ஊசி சிவப்புக்குப் போய், சட்டென்று தானாகவே கீழே இறங்கியது. சரியாகிவிட்டதா? (பூச்சோங்)

பதில்: இல்லை. உடனே நிறுத்துங்கள். உணரி தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாக அளக்கும். தண்ணீர் காலியாகிவிட்டால் அது ஆவியில் நின்று குறைத்துக் காட்டுகிறது.

கேள்வி: ஒரு பழைய வாஜா வாங்க நினைக்கிறேன். புஸ்பகோம் வாகனச் சோதனை நிலையத்தில் சோதித்துவிட்டார்கள், அச்சமில்லை என்கிறார் விற்பவர். (பட்டர்வொர்த்)

பதில்: உரிமை மாற்றச் சோதனை ஹெட் கேஸ்கட்டைத் திறந்து பார்ப்பதில்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

காலையில் போங்கள். நான் வருவதற்குமுன் இன்ஜினைக் கிளப்ப வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம், அல்லது சந்தைக்குப் போய் வந்தேன் என்பார். இரண்டாம் நாள் மறுபடி போங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மேல் ஹோஸை அழுத்துங்கள். இரவெல்லாம் நின்ற கார், ஹோஸ் இன்னும் விறைப்பாக இருந்தால் சிலிண்டரிலிருந்து வாயு தண்ணீருக்குள் கசிந்து அழுத்தம் ஏற்றியிருக்கிறது. மூடியைத் திறந்தால் தண்ணீர் துருநிறமாக இருக்கிறதா, எண்ணெய் மிதக்கிறதா, கடையில் வாங்கிய கசிவு அடைப்புத் தூளின் துகள்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அந்தத் தூள் ஓட்டையை அடைக்கும், ரேடியேட்டரையும் அடைக்கும்.

இன்ஜின் எண்ணெய் மூடியின் அடியில் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் குழைவு இருந்தால் கவனம் தேவை. குறுகிய தூரமே ஓடும் காரில் ஈரப்பதத்தாலும் கொஞ்சம் படியும், ஆனால் எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் எண்ணெயும் தண்ணீரும் கலக்கின்றன. அலுமினிய ஹெட், வார்ப்பிரும்பு பிளாக் உள்ள இன்ஜின்களில் இரண்டும் வேறு வேறு அளவில் விரியும். ஒரு முறை நன்றாகக் கொதித்தால் ஹெட் வளைந்துவிடும். கேஸ்கட்டை மட்டும் மாற்றி, ஹெட்டைச் சமப்படுத்தாமல் பூட்டினால் சில மாதங்களில் மறுபடி அதே கதை. ஐயம் இருந்தால் வாயுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் ஒரு குழாய் வைத்து, நீல நிறத் திரவத்தின் வழியே வாயுவை இழுப்பார்கள். நிறம் மஞ்சளாக மாறினால் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

இவையெல்லாம் தேறினால் ஏர்கோனைப் போட்டு இருபது நிமிடம் நிற்கவிடுங்கள். விசிறி தானாக வந்து போகிறதா என்பதைக் காதால் கேளுங்கள். புத்தம் புதிய ரேடியேட்டர் மட்டும் பளபளத்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: சிவப்புக் கூலண்டும் பச்சைக் கூலண்டும் கலக்கலாமா? வெறும் குழாய்த் தண்ணீர் போதாதா? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: நிறத்தை நம்பாதீர்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வகை ஒவ்வாவிட்டால் கூழாகிவிடக்கூடும். முன்பு என்ன ஊற்றினார்கள் என்று தெரியாவிட்டால் கழுவிவிட்டு ஒரே வகையை ஊற்றுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றினால் உள்ளே துருப்பிடிக்கும், பம்பின் தகடுகள் தேயும். அடர்த்தியான கூலண்டை மட்டும் ஊற்றுவதும் தவறு, அது தண்ணீர் அளவுக்கு வெப்பத்தைக் கடத்தாது. பாதிக்குப் பாதி போதும். அடர்த்தியாக விற்பதை வாங்கினால் வடிகட்டிய தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள்.

கேள்வி: பினாங்குப் பாலத்தின் நடுவில் சூடேறினால் என்ன செய்வது? இன்ஜின் சூட்டை வெளியேற்ற ஹீட்டரைப் போடு என்கிறார்கள் வெளிநாட்டுக் காணொளிகளில். (ஜெலுத்தோங்)

பதில்: நம் நாட்டில் விற்ற பல உள்ளூர்க் கார்களில் ஹீட்டரே இல்லை, எதைப் போடுவது? ஏர்கோனை அணையுங்கள், அபாய விளக்குகளைப் போடுங்கள், ஓரமாக ஒதுக்கி நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். காருக்குள்ளோ பின்னாலோ நிற்காமல் தடுப்பு வேலிக்கு அப்பால் பாதுகாப்பாக நிற்க இடமிருந்தால் அங்கே நில்லுங்கள். அப்படி இடமில்லையென்றால் சீட் பெல்ட்டோடு உள்ளேயே உட்கார்ந்து ரோந்துக்காரர்களை அழையுங்கள். மூடியைத் தொடாதீர்கள். உள்ளே 100 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் திறந்தவுடன் முகத்தில் பீறிட்டு வரும். முக்கால் மணி நேரமாவது ஆறவிட்டு, தடித்த துணியைப் போட்டு மெதுவாகத் திருகுங்கள். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழும். தண்ணீர் ஊற்றிய பிறகும் உடனே ஓட்டிச் செல்லாதீர்கள். எங்கே போனது என்று தெரியாத தண்ணீர் மறுபடியும் போய்விடும், இழுவை வண்டியை வரச்சொல்லுங்கள்.