களிமண் மேய்ச்சல் நிலம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

மேய்ச்சல் நிலத்துக் களிமண்ணைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நான் மண் ஆய்வு செய்பவள், குழி தோண்டி உள்ளே இறங்கிப் பார்ப்பதுதான் என் வேலை. அதனால் பாதிப் பதில்கள் "குழி தோண்டுங்கள்" என்றுதான் போய் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, கோடையில் எங்கள் மேய்ச்சல் நிலம் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. நாலு மழை பெய்தால் வெடித்த தடமே தெரியாமல் மூடிக்கொள்கிறது. பக்கத்து நிலமும் களிமண்தான், ஆனால் அது இப்படி வெடிப்பதில்லை. ஏன்?

பதில்: களி என்பது துகளின் அளவுக்கு வைத்த பெயர். 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியதாக இருந்தால் களி, அவ்வளவுதான். அந்தத் துகள் எந்தக் கனிமம் என்பது தனி விஷயம். உங்கள் நிலத்தில் ஸ்மெக்டைட் வகை அதிகம் இருக்கும். அதன் மெல்லிய தகடுகளுக்கு நடுவிலேயே தண்ணீர் புகுந்துவிடும், புகுந்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். பக்கத்து நிலத்தில் கயோலினைட் என்ற வேறு களிக் கனிமம் அதிகம் இருக்கலாம். அதுவும் தகடுதான், ஆனால் தகடுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதால் நடுவில் தண்ணீருக்கு இடமில்லை. ஒரு கிராம் ஸ்மெக்டைட்டின் பரப்பை உள்ளும் புறமுமாகக் கூட்டினால் 700, 800 சதுர மீட்டர் வரை வரும். கயோலினைட்டில் 20 தேறினாலே அதிகம். பக்கத்து நிலத்தில் களி உங்களைவிடக் கூடுதலாகவே இருக்கலாம், இருந்தாலும் வெடிக்காது. இப்படி ஆண்டுதோறும் வெடித்து மூடும், 30 சதவீதத்துக்குக் குறையாமல் களி உள்ள மண்ணைத்தான் வெர்டிசால் என்று வகைப்படுத்துகிறோம். கரிசல் நிலங்களில் பெரும்பாலானவை இந்த வகை. ஆஸ்திரேலியா, சூடான், டெக்சஸ் பக்கமும் இதே மண்ணில் பெரிய பெரிய புல்வெளிகள் உண்டு.

கேள்வி: ஒன்றரை மீட்டர் குழி தோண்டிப் பார்த்தேன். மேலிருந்து கீழ் வரை ஒரே கருப்பு. புத்தகத்தில் போடுகிற மாதிரி அடுக்கு எதுவும் தெரியவில்லையே?

பதில்: அடுக்கு இருக்கிறது, நீங்கள் நிறத்தில் தேடுகிறீர்கள். இந்த மண்ணில் நிறம் ஒரு மீட்டர் வரைகூட மாறாமல் போகும். பார்க்க வேண்டியது மண் எப்படி உடைகிறது என்பதை. இன்னொன்று, மண்வெட்டி பட்ட முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஈரக் களியில் வெட்டும்போதே மண்வெட்டி எல்லாவற்றையும் மெழுகிவிடும். குழியை ஒரு நாள் அரைகுறையாகக் காயவிட்டு, அப்புறம் கத்தி முனையால் சுவரைக் குத்திக் குத்திப் பெயர்த்துப் பாருங்கள்.

மேலே சில சென்டிமீட்டருக்குச் சிறுசிறு குறுணைகளாக உதிரும். மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டு மண் தானே பொடிந்து செய்துகொள்ளும் போர்வை அது. மாடு அதிகம் மிதித்த இடத்திலும் சோடியம் ஏறிய இடத்திலும் குறுணை இருக்காது, தட்டையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். நிலத்தின் நிலைமையைச் சொல்லும் முதல் அடையாளமே இதுதான், குழியே தேவையில்லை. அதற்குக் கீழே 30 சென்டிமீட்டர் வரை கையளவுக் கட்டிகள், புல்வேர் இங்கேதான் அதிகம். இன்னும் இறங்க இறங்கக் கட்டிகள் பெரிதாகும், கோணங்கள் கூர்மையாகும், வேர்கள் கட்டிக்குள் நுழைய முடியாமல் இடுக்குகளில் நசுங்கித் தட்டையாக ஓடும்.

அரை மீட்டருக்குக் கீழே போனால்தான் முக்கியமான அடுக்கு. கட்டிகள் ஆப்பு வடிவில் சாய்வாகப் பெயரும், பெயர்ந்த முகத்தில் வெளிச்சம் பட்டால் பளபளக்கும், விரலால் தடவினால் ஒரே திசையில் கீறல்கள் தெரியும். ஊறிய மண் பக்கவாட்டில் விரிய இடம் கிடைக்காமல் சாய்வாக மேல்நோக்கி வழுக்கி நகர்ந்த தடம் அது. ஸ்லிக்கன்சைடு என்பார்கள், நான் வழுக்கு முகம் என்று எழுதுகிறேன். அதற்கும் கீழே பெரும்பாலும் சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கட்டிகள் வரும். வெள்ளை முண்டுகள், வினிகர் விட்டால் நுரைக்கும். வறண்ட பகுதியானால் அதற்கும் அடியில் ஜிப்சம் படிகங்கள் மின்னலாம். பிறகு நிறம் வெளுத்து மூலப்பாறையோ பழைய வண்டலோ தொடங்கும்.

ஒரு எச்சரிக்கை: குழியைக் குறுகலாக வெட்டாதீர்கள். உழாத நிலத்தில் மேடும் பள்ளமுமாக அலைபோல இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், கில்காய் என்பது அதுதான். மேட்டுக்கு அடியில் சுக்கான் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கும், நாலு மீட்டர் தள்ளிப் பள்ளத்தில் கருமண் ஒரு மீட்டருக்கு மேல் போகும். ஒரே இடத்தில் மாதிரி எடுத்து முழு நிலத்துக்கும் உரம் கணக்குப் போடுவது இந்த மண்ணில் வீண் வேலை.

கேள்வி: வெடிப்பில் மேல்மண் விழுந்து இந்த மண் தன்னைத்தானே உழுதுகொள்ளும் என்கிறார்களே?

பதில்: கொஞ்சம் உண்மை. மேல்மண் உள்ளே விழுகிறது, அடிமண் மேலே தள்ளப்படுகிறது, கல் இருந்தால் அதுவும் மெல்ல மேலே வரும். ஆனால் முழுக்கப் புரண்டு கலந்திருந்தால் மேலும் கீழும் மண்ணின் கரிமத்துக்கு ஒரே வயது இருக்க வேண்டும் அல்லவா? கதிரியக்கக் கார்பன் முறையில் அளந்தால் ஆழம் கூடக் கூட வயதும் கூடிக்கொண்டே போகிறது. சுக்கானும் தன் ஆழத்தில் தனி அடுக்காக நிற்கிறது. ஆக, கலப்பு மெதுவானது, அரைகுறையானது. மண்ணே உழுதுகொள்ளும், நாம் என்ன மிதித்தாலும் சரியாகிவிடும் என்று இதை வைத்துச் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: மேடம், கருப்பாக இருந்தால் சத்து அதிகம்தானே?

பதில்: இல்லை. பல கரிய களிமண்களில் அங்ககக் கரிமம், அதாவது மக்கிய பொருளில் உள்ள கார்பன், 1 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. இருக்கும் கொஞ்ச மக்குப்பொருளும் களியோடு இறுகப் பிணைந்திருப்பதால் அவ்வளவு கருமை. கால்சியம், மக்னீசியம் தாராளமாக இருக்கும், பொட்டாசியமும் பரவாயில்லை. தழைச்சத்து, மணிச்சத்து, துத்தநாகம் இவைதான் இடிக்கும். கார அமில நிலை (pH) 8க்கு மேல் போனால் மணிச்சத்தும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது.

கேள்வி: புல் வாடுகிறது. தோண்டினால் மண் சில்லென்று ஈரமாக இருக்கிறது. நோயா?

பதில்: நோய் இல்லை, களியின் கஞ்சத்தனம். கனத்த களியில் புல் வாடும் நிலையிலும் கனஅளவில் 25 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம், மணலில் அது 5 சதவீதத்தை ஒட்டித்தான். அந்த ஈரம் துகள்மேல் ஒட்டியிருக்கிறது, வேர் இழுக்க முடியாது. கையில் பிசைந்து பார்த்து "ஈரம் இருக்கிறது" என்று முடிவு செய்யும் பழக்கம் களிமண்ணில் ஏமாற்றும். இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன்: சிறு தூறல் இந்த மண்ணில் மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டரை நனைத்துவிட்டு ஆவியாகிவிடும். வெடிப்பு திறந்திருக்கும்போது கொட்டும் பெருமழைதான் நேராக அடிக்குப் போகும். மண் ஊறி வெடிப்பு மூடியதும் மணிக்குச் சில மில்லிமீட்டர் இறங்கினாலே பெரிது, மிச்சம் ஓடிவிடும். எனவே கோடை முடிவில் வெடிப்பைப் பார்த்துப் பயந்து மண் தள்ளி மூடாதீர்கள்.

கேள்வி: மழைக்குப் பிறகு எத்தனை நாள் கழித்து மாடு விடலாம்? ஒருவர் மூன்று நாள் என்கிறார், ஒருவர் பத்து நாள் என்கிறார்.

பதில்: நாள் கணக்கு வேண்டாம். 5 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டித் திரி ஆக்குங்கள். 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு முறியாமல் உருண்டால் மாட்டை விடாதீர்கள். அந்தத் தடிமனுக்கு வருமுன்னே பொலபொலவென்று உடைந்தால் விடலாம். மேல் ஒரு அங்குலம் காய்ந்து வெளுத்திருப்பதைப் பார்த்துத்தான் பலர் மந்தையை இறக்கிவிடுகிறார்கள், கீழே சேறு இருக்கும், குளம்பு அதைத் துளைத்துப் பிசையும்.

குளம்பு விழும் இடத்தில் மாட்டின் மொத்த எடையும் சிறு பரப்பில் இறங்குகிறது, நடக்கும்போது இன்னும் கூடுதல். ஈரக் களியில் துளைகளில் தண்ணீர் நிறைந்திருப்பதால் மண் அமுங்காமல் வழிந்து நகரும், கட்டமைப்பு குலையும், காய்ந்ததும் 5 முதல் 15 சென்டிமீட்டருக்குள் தட்டுத்தட்டாக ஒரு கெட்டி அடுக்கு உருவாகும். கத்தியால் குத்தினால் கிடைமட்டமாகப் பெயர்ந்தால் அதுதான். விரியும் களியில் இரண்டு மூன்று பருவம் நன்றாக நனைந்து காய்ந்தால் அந்த அடுக்கு வெடித்துப் பிளந்து ஓரளவு சரியாகும், நிலத்தை ஓய்வில் விட்டால். விரியாத களியில் அந்த வாய்ப்பும் இல்லை, வேரும் மண்புழுவும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஆண்டுக்கணக்காகும். என் கருத்து: மழைக்காலத்தில் மந்தையை நிறுத்தவென்றே மேட்டில், களி குறைந்த ஒரு துண்டை ஒதுக்கிவிடுங்கள். அது கெட்டாலும் கெடட்டும், மற்றதெல்லாம் பிழைக்கும்.

கேள்வி: எங்கள் நிலத்தில் மேலே 15 சென்டிமீட்டர் நல்ல செம்மண் குறுமணல், அதற்குக் கீழே திடீரென்று கடப்பாரை இறங்காத களி. இதுவும் நீங்கள் சொன்ன வகையா?

பதில்: இது வேறு சாதி. மேல்மண்ணின் களி நூற்றாண்டுகளாக மழைநீரோடு இறங்கி அடியில் படிந்திருக்கலாம், அல்லது இரண்டும் வெவ்வேறு காலத்துப் படிவாக இருக்கலாம். கட்டியின் மேல் மெழுகு பூசியது போல மெல்லிய பளபளப்பு இருந்து, அதில் ஒரே திசைக் கீறல் இல்லையென்றால் அது இறங்கிப் படிந்த களிப் படலம். வழுக்கு முகத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இப்படிப்பட்ட நிலத்தில் தண்ணீர் அந்த எல்லையில் தேங்கும், மேல்மண் அரித்துப் போனால் திரும்பக் கிடைக்காது. மேலிருக்கும் 15 சென்டிமீட்டர்தான் உங்கள் சொத்து, புல்லை ஒட்ட மேயவிடாதீர்கள்.

அந்தக் களியில் சோடியம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பட்டாணி அளவு காய்ந்த கட்டியை மழைநீர் உள்ள கண்ணாடிக் குவளையில் அசைக்காமல் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கட்டி வெறுமனே உதிர்ந்து, தண்ணீர் கலங்காமல் இருந்தால் கவலை இல்லை. சுற்றிலும் பால் போலக் கலங்கினால் களர்த்தன்மை, அதாவது சோடியம் மிகுதி, உண்டு. கலங்கும் மண்ணுக்குத்தான் ஜிப்சம் வேலை செய்யும். அளவை ஆய்வக முடிவு பார்த்துத் தீர்மானியுங்கள், பரிமாற்றச் சோடியம் (களித் துகள்மேல் ஒட்டியிருக்கும் சோடியத்தின் பங்கு) 15 சதவீதத்தைத் தாண்டினால் களர் மண் என்பது வழக்கமான எல்லை. உப்பும் சேர்ந்திருந்தால் களி கலங்காமல் தெளிவாகவே நிற்கலாம், அதனால் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறனையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மணல் கொட்டிக் களியைச் சரி செய்யலாமா?

பதில்: ஒரு ஹெக்டேரில் 15 சென்டிமீட்டர் மேல்மண் சுமார் 2,000 டன். 50 சதவீதக் களியை 25 ஆக்க அதே எடை மணல் வேண்டும். லாரிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலிக் கம்பங்கள் எல்லாம் சாய்கின்றன. ஆழமாகத்தான் நட்டோம்.

பதில்: எவ்வளவு ஆழம் என்பதுதான் கேள்வி. வெடிப்பு இறங்கும் ஆழத்துக்குக் கீழே கம்பத்தின் பிடி இருக்க வேண்டும், கோடை முடிவில் ஒரு கம்பியை வெடிப்பில் விட்டு அளந்துகொள்ளுங்கள். குழாய் பதிப்பதாக இருந்தாலும் இதே கணக்கு, அல்லது வளைந்து கொடுக்கும் குழாயாகப் போடுங்கள்.

கேள்வி: அக்கா, கெட்டிப்பட்ட அடுக்கை ஆழ உழவு போட்டு உடைக்கலாமா? டிராக்டர்காரர் இப்போதே வருகிறேன் என்கிறார்.

பதில்: இப்போது மழை பெய்து ஓய்ந்திருக்கிறது என்றால் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் தம்பி. ஈரத்தில் கொழு போனால் அடியில் வெண்ணெய் வெட்டியது போல ஒரு கோடு விழும், பக்கச் சுவர் மெழுகப்பட்டு முன்னைவிடக் கெட்டியாகும். அந்த ஆழத்து மண்ணையும் திரி உருட்டிப் பாருங்கள், உடைந்தால்தான் உழவு. விரியும் களியாக இருந்தால் அதற்கும் முன்னால் ஒரு கோடை முழுக்க மந்தையை வெளியே வைத்து வெடிக்க விட்டுப் பாருங்கள். டீசல் செலவில்லாமல் பாதி வேலை முடிந்திருக்கும்.