ஹேவ்லாக்கில் ஓய்வு நாள்: ஏஜென்ட் கேட்கும் 12,500 ரூபாய் தேவையா?

கேள்வி: ஜனவரிக் கடைசியில் எங்கள் 25வது கல்யாண நாள். நானும் மனைவியும் அந்தமான் போகிறோம். ஹேவ்லாக் தீவில் ஒரு நாள் 'ஓய்வு' என்று போட்டிருக்கிறது. அந்த நாளுக்குக் கார், ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம், கேண்டில் லைட் டின்னர் எல்லாம் சேர்த்து 'கப்புள் ஸ்பெஷல்' என்று ஏஜென்ட் தனியாக 12,500 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா, நாங்களே பார்த்துக்கொள்ளலாமா? எங்களுக்குக் கடல் பழக்கமில்லை.
குடியாத்தம் வாசகர்

பதில்: கட்டாதீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

அந்த அட்டவணையை எடுத்து இன்னொரு முறை படியுங்கள். டின்னர் எந்தக் கடற்கரையில் என்று எழுதியிருக்கிறதா? இருக்காது. ராதாநகர் தீவின் மேற்குக் கரை. ஓட்டல்களில் பெரும்பாலானவை கிழக்கே, கோவிந்த நகர், விஜய நகர் பக்கம். நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அஸ்தமனம் பார்த்த அதே மணலில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போவீர்கள். ராதாநகரில் இருட்டினால் விசில் ஊதி எல்லோரையும் எழுப்பிவிடுவார்கள். டின்னர் உங்கள் ஓட்டல் வாசலில்தான்.

ஆற்காட்டிலிருந்து போய்வந்த ஒருவர் என்னிடம் போனில் படம் காட்டினார். ஒரு பிளாஸ்டிக் மேசை, அதன் மேல் வெள்ளைத் துணி. காற்றில் அணையாமலிருக்க, மெழுகுவத்தியைப் பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலுக்குள் வைத்திருந்தார்கள். தட்டில் இருந்தது அன்றைய பஃபே. அந்த இரவுச் சாப்பாடு அவர் பேக்கேஜில் ஏற்கெனவே இருந்தது! பத்தடி தள்ளி மேசை போட்டதற்கு இரண்டாவது தடவை காசு. உங்கள் பேக்கேஜில் 'காலை, இரவு உணவு சேர்த்து' என்று இருந்தால் உங்களுக்கும் இதே கதைதான்.

சரி, அந்த ஓய்வு நாளை எப்படிக் கழிப்பது? முதலில் நேரத்தைச் சொல்கிறேன், ஏமாறுவது இதில்தான். அங்கேயும் கடிகாரம் நம் கடிகாரம்தான். ஆனால் தீவு நம்மைவிட வெகுதூரம் கிழக்கே இருப்பதால் சூரியன் வேலூரைவிட ஏறக்குறைய 55 நிமிடம் முன்னதாக மறைகிறது. ஜனவரிக் கடைசியில் ஐந்தே காலுக்கே முடிந்துவிடும். 'சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டி வரும்' என்று ஏஜென்ட் சொன்னால், நீங்கள் போய்ச் சேரும்போது வானத்தில் சிவப்பு மட்டும் மிச்சமிருக்கும். மூன்று மணிக்கெல்லாம் ராதாநகரில் இருங்கள். படகுத்துறைக்குப் பக்கத்தில் ஆட்டோ கிடைக்கும். திரும்பி வரவும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

காலையில் ஓட்டல் முன்னாலேயே குளிக்கலாம் என்று இறங்காதீர்கள். பாலாற்றில் மணலைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தண்ணீர் வருவதும் போவதும் புரியாது. கடல் சுமார் ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும். அந்த நேரமும் தினம் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். இறக்கத்தில் விஜய நகர் பக்கம் தண்ணீர் வெகுதூரம் உள்ளே போய், பாறையும் செத்த பவளமும் காலைக் கிழிக்கும். ஓட்டல் வரவேற்பில் 'இன்றைக்கு ஏற்றம் எப்போது?' என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள், காசில்லை. ராதாநகரில் அடி முழுக்க மணல், அங்கே இந்தத் தொல்லை இல்லை. அதன் ஓரத்தில் நீல்ஸ் கோவ் என்ற குடாப் பக்கம் மட்டும் தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள். 2010இல் ஒரு வெளிநாட்டுப் பெண்ணை அங்கே முதலை இழுத்துப்போனது.

மதியம் கடைத்தெருவில் வங்காளிச் சாப்பாடு சாப்பிடுங்கள். தீவில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள், கடுகு அரைத்துவிட்ட மீன் குழம்பு அவர்கள் கைப்பக்குவம். முழு மீனோ சிங்கி இறாலோ கேட்டால், அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே எடை போட்டு விலை சொல்லச் சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு வரும் பில்லில் எடை எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும்.

இப்போது அந்த விதிவிலக்கு. காலண்டரைப் பாருங்கள். உங்கள் ஓய்வு நாள் பௌர்ணமியன்றோ மறுநாளோ விழுந்தால் காசு கொடுங்கள், தப்பில்லை. நம்மூரில் பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை பஸ் ஏறத்தான் தெரியும், கடலில் நிலா எழுவதைப் பார்த்திருக்க மாட்டோம். பௌர்ணமியன்று சூரியன் மேற்கே இறங்கும் நேரத்துக்கே நிலா கிழக்கே வந்துவிடும், நீங்கள் ராதாநகரில் இருப்பீர்கள். மறுநாள் சுமார் ஒரு மணி நேரம் தாமதம். அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டு ஓட்டலுக்குத் திரும்பி முகம் கழுவி உட்கார்ந்தால், தண்ணீரிலிருந்து மஞ்சளாக எழுந்து வரும். எனவே மறுநாளே மேல். ஆனால் மூன்று விஷயம் பொருந்த வேண்டும்: ஓட்டல் கிழக்குக் கரையிலேயே, கடலை ஒட்டி இருக்க வேண்டும்; மேசை கடலைப் பார்த்திருக்க வேண்டும்; பணம் ஓட்டலுக்கு நேராகப் போக வேண்டும், ஏஜென்டுக்கு அல்ல. பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றமும் அதிகம், மேசை கால் நனையாத இடம்தானா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஹேவ்லாக்குக்கு 2018இல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜய புரம் ஆனது. பெயர் மாற்றுகிற வேகத்தில் டிக்கெட், பலகை, செயலி எல்லாவற்றிலும் ஒரே பெயரைப் போடவும் யாராவது உட்கார்ந்தால் தேவலை. இந்தக் குழப்பத்தில் ஒரு ஏஜென்ட் 'ஹேவ்லாக் ஒரு நாள், ஸ்வராஜ் த்வீப் ஒரு நாள்' என்று இரண்டு தீவாகக் கணக்குப் போட்டுக் கொடுத்த அட்டவணையை நானே பார்த்திருக்கிறேன்.

சிப்பி, பவளத் துண்டு எதையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள். சென்னை விமானம் விடியற்காலை என்றால் முந்தின இரவே போய்விடுங்கள். வேலூர் பக்கத்து அப்துல்லாபுரத்தில் விமானம் ஏறலாம் என்று நமக்குச் சொல்ல ஆரம்பித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

ஏஜென்டுக்கு இன்றே வாட்ஸாப்பில் எழுதுங்கள்: 'டின்னர் எந்த இடத்தில், பேக்கேஜில் உள்ள இரவு உணவு கழிக்கப்பட்டதா, ஓட்டல் பில் தனியாக வருமா?' பதில் எழுத்தில் வர வேண்டும். போன் அடித்தால் எடுக்காதீர்கள்.