முன்வாசலில் வருகிறவர்கள்

அன்புள்ள அக்கா,

அனுமதிக் காலம் முடிந்தும் ஊர் திரும்பாமல் ஒளிந்திருந்து, பிடிபட்டு, மூன்று பிரம்படி வாங்கிய ஒரு தொழிலாளியைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அந்தப் பரிவைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சிங்கப்பூரிலிருந்து வாரா வாரம் எல்லை தாண்டி, மலேசியாவின் ஜோகூர் பாரு போய் வருகிறவன் நான். சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள் பிள்ளைகளோடு கடற்பாலத்தில் நான்கு மணி நேரம் காத்துக் கிடந்திருக்கிறேன். எல்லாம் பாதுகாப்புக்குத்தானே என்று பொறுத்துக்கொள்கிறேன். வரிசையில் நிற்கிறவனை விட்டுவிட்டு, சட்டத்தை மீறியவனுக்காக உருகுகிறீர்கள். அமெரிக்கா எல்லையைக் கோட்டைவிட்டு இப்போது சுவர் சுவர் என்று அலைகிறது. நம் ஊரில் குற்றம் குறைவாக இருக்க எல்லைக் கண்டிப்புதான் காரணம் என்பதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

இன்னொன்று. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. மனைவியின் ஊர்க்காரர் ஒருவர் கேட்கிறார். உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு அதற்கும் பயமாக இருக்கிறது.

கு., ஈசூன்

அன்புள்ள தம்பி,

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கண்டிப்பு வேலை செய்கிறது. நமக்குத் தரைவழி வாசல் இரண்டே இரண்டு, உட்லண்ட்ஸும் துவாஸும். மிச்சமெல்லாம் தண்ணீர், அதில் கரையோரக் காவற்படை சுற்றிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்கா மெக்சிகோவோடு பகிர்ந்துகொள்வது 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான எல்லை, பாலைவனமும் ஆறுமாக. இரண்டையும் பக்கத்தில் வைத்து, நாம் சமர்த்து அவர்கள் மக்கு என்று சொல்வது கொஞ்சம் அதிகம். நம்முடையது சின்ன வீடு, கதவைச் சாத்துவது சுலபம்.

ஆனால் நீங்கள் சொல்லும் அமெரிக்காவிலேயே பாருங்களேன். 2001 செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்திய 19 பேரும் விசா வாங்கிக்கொண்டு, அதிகாரி முத்திரை குத்திய பாஸ்போர்ட்டோடு உள்ளே வந்தவர்கள். ஒருவர்கூட வேலி தாண்டவில்லை. இப்போது அந்த நாட்டை ஆட்டிப்படைக்கும் பெண்டனில் என்ற போதைப்பொருளும் எல்லையில் பெரும்பாலும் பிடிபடுவது சோதனைச் சாவடிகளில், கார்களிலும் லாரிகளிலும் ஒளித்துவைத்த நிலையில்தான். கடத்துகிறவன் ஏன் பாலைவனத்தில் நடக்க வேண்டும்? ஆயிரக்கணக்கான வண்டிகள் போகும் வரிசையில் அவனும் ஒருவனாக நின்றுகொள்கிறான். உட்லண்ட்ஸிலும் இதே கதைதான். காய்கறிக்கு அடியில் சிகரெட் அட்டைகள், கார்க் கதவுக்குள் போதைப்பொருள் என்று செய்தி வரும்போதெல்லாம் கவனியுங்கள், அவர்களும் உங்களுக்கு முன்னாலோ பின்னாலோ பொறுமையாக நின்றவர்கள்தான்.

நம் நாட்டிலேயே ஒன்று சொல்கிறேன். 2023 ஆகஸ்ட் 15 அன்று பத்துப் பேரைக் கைது செய்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? 300 கோடி வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் சொத்து சம்பந்தப்பட்ட கள்ளப்பண வழக்கு. பங்களாக்கள், சொகுசு கார்கள், தங்கக் கட்டிகள், கைப்பைகள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஒருவர் போலிஸ் வந்ததும் மாடியிலிருந்து குதித்துச் சாக்கடையில் ஒளிந்தார். இவர்கள் யாரும் இரவில் படகேறி வந்து லிம் சூ காங் சேற்றில் இறங்கியவர்கள் இல்லை. பூர்வீகம் சீனாவின் புஜியன் மாநிலம், கையில் கம்போடியா, சைப்ரஸ், துருக்கி, வனுவாட்டு என்று விதவிதமான பாஸ்போர்ட். முன்வாசல் வழியாக, குளிரூட்டிய அறையில், நம் முகப்பு ஊழியரின் புன்னகையோடு வந்தவர்கள். கிடைத்தது 13 முதல் 17 மாதச் சிறை, பெரும் சொத்துப் பறிமுதல், நாடுகடத்தல். பிரம்படி யாருக்கும் இல்லை.

நான் எழுதிய அந்த மனிதருக்கு இருந்தது. 90 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கினால் 6 மாதம் வரை சிறையும் குறைந்தது 3 பிரம்படியும். பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் அடி கிடையாது, இவருக்கு வயது 34. சட்டம் தெரிந்துதான் மீறினார், அதை நான் மறைக்கவில்லை. ஏன் மீறினார் என்பதைத்தான் எழுதினேன். அதைக் கண்ணீர் என்று நீங்கள் படித்தால் என் எழுத்தில் ஏதோ கோளாறு.

இங்கே உள்ள முகவர்கள் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறது, அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். நல்ல சட்டம். ஆனால் அது கடற்பாலத்தோடு நின்றுவிடும், சாங்கி ஓடுபாதையோடு நின்றுவிடும். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் ஏஜெண்ட் வீட்டுத் திண்ணையில், ரசீது இல்லாமல் எண்ணிக் கொடுத்த நான்கு லட்சம் ரூபாய்க்கு இங்கே யாரும் கேள்வி கேட்க முடியாது. அந்த மனிதர் அம்மாவின் நகையை அடகு வைத்து, மிச்சத்தை வட்டிக்கு வாங்கி வந்தார். எட்டாவது மாதம் முதலாளி அனுமதியை ரத்து செய்து டிக்கெட்டைக் கையில் கொடுத்தார். அடைத்தது பாதிக் கடன்கூட இல்லை. அப்படியே ஊருக்குப் போனால் வாசலில் வட்டிக்காரன். இங்கேயே மறைந்திருந்தால், பிடிபடும்வரை, மாதம் ஏதோ அனுப்பலாம். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் அவர் இருந்தார், பிரம்படியையும் அதில் சேர்த்தே.

இவர் ஆபத்தானவரா என்று கேட்டால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிக்கிக்கொண்டவர். இப்படிச் சிக்கியவர்களை வைத்துப் பிழைக்கிறவன்தான் ஆபத்தானவன்: பாதிக் கூலிக்கு வேலை வாங்குகிறவன், படுக்க இடம் கொடுத்து மூன்று மடங்கு வாடகை வாங்குகிறவன், அவர் பெயரில் சிம் கார்டும் வங்கிக் கணக்கும் எடுத்து மோசடிக் கும்பலுக்கு விற்கிறவன். 2024இல் மட்டும் இந்த ஊர் மோசடிக்காரர்களிடம் இழந்தது 110 கோடி வெள்ளி. அழைத்தவர்களில் பலர் எந்தச் சோதனைச் சாவடியையும் தாண்டவே இல்லை, எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து போன் செய்தவர்கள்.

எல்லைக்காவல் வேண்டாம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. பயங்கரவாதி என்று தடுப்புக்காவலில் வைத்திருந்த மாஸ் சலாமத் தப்பியபோது நானும் பயந்தவள்தான், 2008 பிப்ரவரியில் புளோக்குக்குக் கீழே ஒவ்வொரு நோட்டீஸ் பலகையிலும் அவர் படம். கடைசியில் அவர் தண்ணீரில் மிதந்து ஜோகூருக்கே போய்விட்டார், அடுத்த வருஷம் ஏப்ரல் 1 அன்று ஸ்கூடாய் பக்கம் மலேசியப் போலிஸ் பிடித்தது. இரண்டு நாட்டு உளவுத்துறையும் பேசிக்கொண்டதால் நடந்தது அது. தகவல் தாண்டிப் போயிருக்காவிட்டால் எத்தனை அடி உயரத்துக்கு வேலி போட்டு என்ன பயன்?

வரிசையைப் பற்றி எனக்கும் புகார் உண்டு. 2024 மார்ச்சில் காருக்குள்ளிருந்தே கியூஆர் குறியீட்டைக் காட்டிப் போகலாம் என்று வந்ததும் மகன் வாயெல்லாம் பல். பள்ளி விடுமுறையில் அதற்கும் ஒரு வரிசை உண்டாகிவிட்டது, அது வேறு விஷயம். 1967இல்தான் கடற்பாலத்தில் பாஸ்போர்ட் பார்க்கவே ஆரம்பித்தார்கள். அதற்கு முன் படம் பார்க்க ஜோகூர் போய் இரவு திரும்பி வந்ததை அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

அப்புறம், உங்கள் அறை. இதில் மட்டும் நான் உங்களைவிடக் கண்டிப்பு. அவருடைய அனுமதி அட்டையின் அசலை வாங்கிப் பாருங்கள், போனில் அனுப்பிய படம் போதாது. பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். இன்னும் செல்லுபடியாகிறதா என்று மனிதவள அமைச்சின் இணையத்தளத்திலோ முதலாளியிடமோ சரிபாருங்கள். கட்டுமான வேலை அனுமதியில் வந்த இந்தியர் என்றால் வீவக அறையை அவருக்கு விடவே முடியாது, அங்கேயே பேச்சை முடித்துவிடலாம். மற்றபடி ஆள் வருவதற்கு முன்பே கழகத்தின் அனுமதியை வாங்கிவிடுங்கள். தெரிந்தே சட்டவிரோதமாக இருப்பவருக்கு இடம் கொடுத்தால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 வருஷம் சிறை, 6,000 வெள்ளி வரை அபராதமும் சேரும். விசாரிக்காமல் அசட்டையாக இருந்தாலும் குற்றம்தான். ‘ஊர்க்காரர்தானே’ என்பதைக் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

அட்டையைக் கேட்டால் மனைவி வீட்டில் கோபித்துக்கொள்வார்களோ என்று தயக்கமாக இருந்தால், பழியை என் மேல் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா