கையில் ஏந்தும் சேர்ச் லைட்: கப்பல் வரை எட்டுமா?

கேள்வி: வெள்ளவத்தை மரைன் டிரைவில் நாலாம் மாடியில் குடியிருக்கிறேன். டோர்ச் லைட் சேர்ப்பது என் நெடுநாள் பொழுதுபோக்கு. இப்போது கையில் பிடிக்கக்கூடிய பெரிய சேர்ச் லைட் ஒன்றின் மீது மனம் போயிருக்கிறது. முதலாம் குறுக்குத் தெருவில் "ஒரு கோடி லுமென்" என்று அச்சிட்ட பெட்டியில் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. கனடாவில் இருந்து வரவிருக்கும் மைத்துனரோ பழைய செனன் விளக்கு ஒன்றை வாங்கி வருவதாகச் சொல்கிறார். எதை எடுக்கலாம்? இங்கிருந்து கடலில் நிற்கும் கப்பல் வரை ஒளி போகுமா?

பதில்: குறுக்குத் தெருப் பெட்டியை இப்போதே விட்டுவிடுங்கள். மிகச் சிறந்த எல்.ஈ.டி. கூட ஒரு வாற்று மின்சாரத்தில் ஏறத்தாழ 200 லுமென் ஒளியே தரும். ஒரு கோடி லுமென் வேண்டுமென்றால் 50,000 வாற்று தேவை. இருபத்தைந்து மின் கேத்தல்களை ஒரே நேரத்தில் கொதிக்க வைக்கும் அளவு அது. அப்படிப்பட்ட டோர்ச் ஒன்றை ஆவல் தாங்காமல் நானும் வாங்கிக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே 9,800 மில்லியம்பியர்-மணி என்று ஒட்டிய 18650 வகை மீள்மின்னேற்ற லிதியம் கலம் ஒன்று இருந்தது. செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் நண்பரின் தராசில் அதை வைத்தபோது முள் 29 கிராமில் நின்றது. உண்மையான 18650 கலம் 45 முதல் 50 கிராம் வரை நிறுக்கும். அதன் கொள்ளளவும் பெரும்பாலும் 2,500க்கும் 3,500க்கும் இடைப்பட்டதே. நண்பர் "பவுனில் இப்படிச் செய்தால் கடையை மூட வேண்டியதுதான்" என்று சிரித்தார்.

இனி நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டிய எண்ணுக்கு வருவோம். லுமென் என்பது விளக்கில் இருந்து எல்லாத் திசைகளிலும் வெளியேறும் ஒளியின் மொத்தம். ஒரு திசையில் அந்த ஒளி எவ்வளவு செறிவாகச் செல்கிறது என்பதைச் சொல்வது கண்டெலா. சேர்ச் லைட்டுக்கு இரண்டாவதுதான் முக்கியம். எஃப்.எல்.1 என்ற அமெரிக்கத் தர அளவின்படி, ஒளி 0.25 லக்ஸாக (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு) குறையும் இடம், அதாவது தெளிந்த வானத்துப் பூரண நிலவொளியின் அளவுக்கு வரும் இடமே அந்த விளக்கின் எட்டுதூரம். கண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அது மீற்றரில் கிடைத்துவிடும்: 2,50,000 கண்டெலாவுக்கு 1,000 மீற்றர், 10 இலட்சம் கண்டெலாவுக்கு 2,000 மீற்றர். தூரம் இரட்டிக்க வேண்டுமானால் ஒளிச்செறிவு நான்கு மடங்காக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நம்மைப் போன்றவர்களின் பணம் கரைவது இங்கேதான்.

கண்டெலா எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் சுவையே. ஒளிமுதலின் மேற்பரப்பு எவ்வளவு பிரகாசமானது, அதன் முன்னுள்ள பரவளைவுத் தெறிப்பி, அதாவது ஒளியைத் திரட்டி அனுப்பும் கிண்ணம் போன்ற ஆடி, எவ்வளவு அகலமானது என்ற இரண்டும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. ஒளிமுதல் எத்தனை சிறிய புள்ளியாகவும் உக்கிரமானதாகவும் இருக்கிறதோ அத்தனை இறுக்கமாகக் கற்றை வெளியேறும். மெக்ஸாபீம் என்ற அமெரிக்க விளக்கைச் சேகரிப்பாளர்கள் இன்னும் விரும்பித் தேடுவதற்குக் காரணம் இதுவே: அதனுள் இருப்பது வெறும் 75 வாற்று செனன் வில்விளக்கு, அதாவது செனன் வாயுவுக்குள் இரு மின்முனைகளுக்கு இடையே பாயும் மின்வில்லால் ஒளிரும் விளக்கு; அதன் மொத்த லுமென் இன்று சட்டைப்பைக்குள் அடங்கும் எல்.ஈ.டி. டோர்ச்சுகள் சிலவற்றை விடக் குறைவு; ஆயினும் அந்த மின்வில் மிகச் சிறியது என்பதால் கற்றையின் உச்சச் செறிவு ஒரு கோடி கண்டெலாவையும் தாண்டுகிறது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களைத் தேடிய 60 அங்குலக் காபன் வில் விளக்குகளும் இதே தத்துவத்தில்தான் இயங்கின. ஆனால் அவற்றை இழுத்துச் செல்ல வண்டியும் மின்பிறப்பாக்கியும் வேண்டியிருந்தன.

எங்கள் வயதுக்காரர் இந்த விளக்குகளை விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்பது என் ஊகம். போர் நடந்த தொண்ணூறுகளில் இலங்கையின் வடக்கில் பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தவர்களுக்குப் பொத்தானை அழுத்தியதும் இருட்டைக் கிழித்துக்கொண்டு போகும் வெண்கோடு சாதாரணக் காட்சியன்று.

கப்பலுக்கு வருவோம். துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் கப்பல்கள் உங்கள் பல்கணியில் இருந்து பல கிலோமீற்றர் தொலைவில் நிற்பவை, நல்ல எல்.ஈ.டி. சேர்ச் லைட் ஒன்றின் ஒளி அவற்றை அடைந்தாலும் அதை உங்கள் கண் காணாது. ஒளி போய்ப் பட்டு, தெறித்து, அவ்வளவு தூரமும் திரும்பி வர வேண்டும். அதனால் அட்டையில் எழுதிய தூரத்தில் பாதிக்குள் பொருள் அடையாளம் தெரிந்தாலே நல்ல விளக்கு என்று கொள்ளுங்கள். அதற்கு மேல் கொழும்பின் கடற்காற்று இருக்கிறது. உப்புத் துளியும் ஈரமும் கலந்த காற்றில் கற்றை கோல் போல அழகாகத் தெரியும். அப்படித் தெரிகிற ஒளி முழுவதும் இலக்கை அடையாமல் வழியிலேயே சிதறிய ஒளி. விளக்கைக் கண்ணருகே பிடித்தால் அந்தச் சிதறலே திரையாக மறைக்கும். இடுப்பளவில், உடம்பை விட்டுச் சற்று விலக்கிப் பிடித்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே விளங்கும்.

செனன் விளக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். குளிர்ந்திருக்கும்போதும் அதன் கண்ணாடிக் குமிழுக்குள் வாயு உயர் அமுக்கத்தில் இருக்கிறது. பழைய குமிழ் பயணப் பெட்டிக்குள் அடிபட்டு வருவது நல்லதன்று, மாற்றுக் குமிழை இங்கே தேடிக் கண்டுபிடிப்பதும் பெரும்பாடு. வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து ஒளிரும் எச்.ஐ.டி. விளக்குகள் முழு ஒளிக்கு வரச் சில செக்கன்கள் எடுப்பவை. அவற்றின் காலம் போய்விட்டது. நீல லேசரைப் பொஸ்பர் என்ற ஒளிரும் பூச்சின் மீது பாய்ச்சி வெள்ளொளி பெறும் புதிய வகை, சின்ன முகப்பிலேயே நெடுந்தூரம் எறியும், ஆனால் பென்சில் தடிப்புள்ள கற்றையைத் தவிர வேறெதையும் தராது. உங்களுக்கு ஏற்றது, ஒற்றை எல்.ஈ.டி.யும் 7 சென்ரிமீற்றர் அகலத்துக்குக் குறையாத முகப்பும் கொண்ட, கண்டெலாவை வெளிப்படையாக அறிவிக்கும் தயாரிப்பு. ஒன்று மட்டும்: மின்வெட்டுக்கு இது உதவாது. 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்தபோது என் சேர்ச் லைட் சுவரில் ஒரு தட்டளவு வட்டத்தை மட்டுமே காட்டியது. சோறு சமைக்கக் கைகொடுத்தது சாதாரண டோர்ச்தான்.

வாங்கியதும் அளந்து பாருங்கள். உங்கள் மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் 30 மீற்றர் அளந்து, லக்ஸ்மானியை வட்டத்தின் நடுவில் வைத்து, வரும் எண்ணை 900ஆல் பெருக்கினால் கண்டெலா கிடைக்கும். பெரிய முகப்புள்ள விளக்கை 5 மீற்றரில் அளந்தால் கற்றை இன்னும் முழுமையாகத் திரண்டிராது, எண் பொய் சொல்லும். அளவீட்டை எரியவிட்ட அரை நிமிடத்தில் ஒருமுறையும் பத்து நிமிடத்தில் ஒருமுறையும் எடுங்கள்; சூடேறியதும் ஒளியைத் தானே தணித்துக்கொள்ளும் விளக்குகளே அதிகம்.

பல்கணியில் இருந்து அடிக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். உங்களுக்கும் கடலுக்கும் நடுவே கரையோர ரயில் பாதை இருக்கிறது, மேலே இரத்மலானைக்கு இறங்கும் விமானங்கள் வரக்கூடும். சாரதிக்கோ விமானிக்கோ ஒரு கணம் கண் கூசினாலும் ஆபத்து. காலிமுகத்திடல் பக்கமும் கொண்டு போகாதீர்கள். விளக்கை எடுத்த கணமே விசாரணைதான் வரும்.

புதிய எல்.ஈ.டி. விளக்கையே மைத்துனர் வாங்கி வருவதானால், பற்றரியின் வாற்று-மணியை முதலில் கேளுங்கள். 5 அம்பியர்-மணி, 3.6 வோல்ற்றுக் கலம் ஒன்று 18 வாற்று-மணி. நான்கு சேர்ந்த பொதி 72. அது 100ஐத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160ஐத் தாண்டினால் பயணி கொண்டுவரவே முடியாது. கழற்றிய கலங்களை முனைகள் ஒன்றோடொன்று படாதபடி தனித்தனி உறையில் இட்டு, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரொறன்ரோவில் பெட்டி கட்டும் முன்பே பற்றரியின் அட்டையைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பட்டும்; எண் அழிந்திருந்தால் அந்தப் பொதியை விட்டுவிட்டு விளக்கை மட்டும் கொண்டு வரலாம்.