மூக்கில் ஸ்பைக் வைத்தால் வெப்பக் கவசம் வேண்டாமா?

கேள்வி: மாக் 6 வேகத்துக்கு (ஒலியின் வேகத்தைப் போல ஆறு மடங்கு) மழுங்கிய மூக்குள்ள விமான மாதிரியை வடிவமைக்கிறோம். மூக்கில் ஸ்பைக் (முன்னால் நீட்டிய ஒல்லியான கம்பி) வைத்தால் இழுவை, அதாவது காற்றின் எதிர்ப்பு, பாதியாகும், வெப்பக் கவசமே தேவையில்லை என்கிறார் சிமுலேஷன் செய்துதரும் ஓர் ஆலோசகர். நம்பலாமா?

பதில்: இழுவை குறையும், சரி. கவசம் வேண்டாம் என்பதை நம்பாதீர்கள்.

மழுங்கிய மூக்கின் முன்னால் வலுவான அதிர்ச்சி அலை, அதாவது காற்று திடீரென்று அமுங்கிச் சூடாகும் மெல்லிய அடுக்கு, நிற்கும். ஸ்பைக் அதைக் கூம்பாகச் சாய்த்து வலுவிழக்கச் செய்யும். மூக்கின் முகப்பில் அழுத்தம் இறங்கும். நீர்மூழ்கியிலிருந்து ஏவப்படும் டிரைடன்ட் ஏவுகணை கிளம்பியதும் மூக்கிலிருந்து கம்பி நீட்டுவது இதற்குத்தான். ஆனால் அது அடர்ந்த காற்றைச் சட்டென்று தாண்டிவிடும். உங்கள் விமானம் காற்றுக்குள்ளேயே பறக்க வேண்டியது.

ஸ்பைக்கை ஒட்டி வரும் காற்றோட்டம் அதன் பரப்பைவிட்டுப் பிரிந்துபோகும். பிரிந்துபோன காற்றோட்டம் எங்காவது திரும்ப ஒட்டித்தானே ஆக வேண்டும்? மூக்கின் தோள்பகுதியில் ஒட்டும். சூடும் அங்கேயே குவியும். விமானம் மூக்கைச் சற்றே தூக்கினால் காற்றடிக்கும் பக்கம் இன்னும் மோசம். அலை போய் மோதும் இடம் என்ன பாடுபடும் என்பதற்கு அமெரிக்காவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானம் சாட்சி. 1967 அக்டோபர் 3 அன்று மாக் 6.7-இல் பறந்தபோது, அடியில் மாட்டியிருந்த போலி ராம்ஜெட் எஞ்சினின் அதிர்ச்சி அலை, அந்த எஞ்சினைத் தாங்கிய பைலானில் (தாங்கு தண்டில்) பட்டு ஓட்டை போட்டது. வெப்பத் தடுப்புப் பூச்சு இருந்தும்தான்! ராம்ஜெட் கழன்றே விழுந்தது. அந்த விமானம் அப்புறம் பறக்கவில்லை.

ஸ்பைக்கின் நுனியையும் மறக்காதீர்கள். நுனியின் ஆரம் கால்வாசியானால் அங்கே ஏறும் வெப்பம் இரட்டிப்பாகும். மாக் 6-இல் தடுத்து நிறுத்தப்படும் காற்றின் வெப்பநிலை சுமார் 1,500 டிகிரி செல்சியஸ்.

ஆலோசகர்கள் காட்டுவதெல்லாம் விமானம் நேராகப் பறப்பதாக வைத்துச் சிமுலேஷனில் எடுத்த வண்ணப் படம். மெஷ் (கணக்குப் போடக் காற்றைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் வலை) கொஞ்சம் பெரிய கட்டங்களாக இருந்தாலும் இழுவைக் கணக்கு ஓரளவு சரியாக வந்துவிடும். வெப்பக் கணக்கு வராது. அதனால் பணம் கொடுக்குமுன், மூக்கை 5 டிகிரி தூக்கிய நிலையில் தோள்பகுதி வெப்ப வரைபடம் கேளுங்கள். சுவரையொட்டிய மெஷ்ஷை இன்னும் பொடியாக்கினால் விடை மாறுகிறதா என்றும் கேளுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். மதிப்பாய்வுக் குழுக்களும் சிவப்பு, நீலம் பார்த்தே தலையாட்டுகின்றன. காற்றுச் சுரங்கத்தில் சோதிக்க நேரம் கேட்டால் மட்டும் ஆயிரம் படிவம்!

மூக்கு மழுங்கலாகவே இருக்கட்டும். தோள்பகுதிக்குக் கவசம் போடுங்கள், ஸ்பைக் நுனியைக் கழற்றி மாற்றும்படி செய்யுங்கள். அடுத்து ஸ்பைக்குக்குப் பதிலாக பிளாஸ்மா, லேசர் என்று விலைப்பட்டியல் நீட்டினால், அதற்கான மின்சாரத்தை விமானத்தில் எதிலிருந்து எடுப்பது என்று கேளுங்கள்.